ரெண்டாவது காந்தம்

பாண்டீஸ்வரி வீடான்னா கேட்டீங்க? தெரு முழுக்க அப்படிக் கேட்டுக்கிட்டேவா வந்தீங்க? இதுதான் வீடு. ஆனா இது சென்றாயன் வீடு. அடுத்தாப்புல வர்றப்ப சென்றாயன் வீடுன்னு கேளுங்க, சின்னப்புள்ளகூட கையக் காட்டும். நான்தான் சென்றாயன். அவ வீட்டுக்காரன். உக்காருங்க சார். அந்தச் சேர் வேணாம், கால் ஆடும். இதுல உக்காருங்க.

அவ பின்னாடி துணி துவைச்சுக்கிட்டு இருக்கா. வருவா, என்ன அவசரம்? வந்த விசயத்த என்கிட்டச் சொல்லுங்க.

வாழைக்கன்னுக் கம்பெனியா? சின்னமனூர்ப் பக்கமா? கண்ணாடிப் பாட்டிலுக்குள்ள கன்னு வளக்குறாய்ங்களே, அதுவா? சரி சரி. அதுக்கு மருந்து கலக்கணும், கலக்க ஸ்டிரர் வேணும், ஒண்ணு ரெண்டு பத்தாது. கடையில வாங்கப் போனா யானை விலை குதிரை விலை. அதனால அதைக் கையால செஞ்சு குடுத்து, அங்கயே இருந்து பாத்துக்கவும் ஒரு ஆளு வேணும். யாரோ இவ பேரைச் சொல்லியிருக்காக. யாரு சார் சொன்னது? பியூலா மேடமா?

நெனச்சேன். அந்தம்மாவத் தவிர வேற யாரு சொல்லுவா. நான் வேலை பாக்குற காலேஜுல கெமிஸ்ட்ரிக்கு எச்ஓடி. ஒரே ரூமுல காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் இருக்கோம், எங்கிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டாங்க, அஞ்சு மாசமா. என்ன வேணும்னாலும் துண்டுச் சீட்டுல எழுதி மேசையில வச்சுட்டுப் போயிருவாங்க. ஆனா ஊரான் ஊரான் கிட்டயெல்லாம் எம் பொண்டாட்டி பேரு மட்டும் சொல்லுவாங்க. நல்லாயிருக்குல்ல?

நீங்க குடும்பஸ்தர் மாதிரி தெரியுறீங்க. அதனால உங்ககிட்ட ஒண்ணும் மறைக்காமச் சொல்றேன். கேட்டுட்டு நீங்களே முடிவு பண்ணுங்க, இந்த வேலைக்கு யாரு தோதுன்னு.

நான் அந்த லேபுல பதினெட்டு வருசம், சார். அட்டெண்டரா சேந்தேன். பீக்கர் கழுவிக் கழுவி கையில ரேகையே கிடையாது, ரேசன் கடை மிசின்ல வெரல வச்சா எடுக்காது. அப்படி இருந்து லேப் அசிஸ்டென்ட் ஆனவன். இவ பிளஸ் டூ. போடியில இவ சித்தப்பா மகன் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வச்சிருந்தான், கல்யாணத்துக்கு முன்னாடி அங்க ரெண்டு மூணு வருசம் எடுபிடியா இருந்தா. அம்புட்டுத்தான் படிப்பு. 

போன வருசம் எங்க லேபுல இருந்த ஒரே ஸ்டிரர் போயிருச்சு. பிஜி படிக்கிற புள்ளைக கண்ணாடிக் குச்சிய வச்சு மூணு மணி நேரம், நாலு மணி நேரம் கலக்குதுக. கை வலிக்குது மேடம், கை வலிக்குது மேடம்னு ஒரே புலம்பல். இந்தம்மா என்னைய பாத்து, 'சென்றாயன், எதாச்சும் பண்ண முடியுமா'ன்னாங்க. அது செத்துப்போச்சு மேடம், புதுசு வாங்கணும்னேன். உண்மைய சொன்னேன். 

அன்னிக்குச் சாப்புடுறப்ப சும்மா பேச்சுக்குப் பேச்சா இவகிட்டச் சொன்னேன் சார். அதுதான் நான் செஞ்ச தப்பு. பொம்பளைகிட்ட ஆபீஸ் விசயத்தப் பேசக்கூடாது. 'அது எப்படிங்க சுத்தும்'னு கேட்டா. பீக்கருக்குள்ள மாத்திரை மாதிரி ஒரு வெள்ளைக் குச்சி கெடக்கும், அதுக்குள்ள காந்தம், கீழ பெட்டிக்குள்ள ஒரு காந்தம் சுத்தும், இது சுத்தச் சுத்த அதுவும் சுத்தும்னேன். கொஞ்ச நேரம் சோத்தைப் பெசைஞ்சுக்கிட்டே இருந்தா. 'அப்ப கம்ப்யூட்டர் ஃபேன்ல ரெண்டு காந்தத்தை ஒட்டினா போதுமே'ங்கறா! 

நான் சிரிச்சேன். சோத்தைத் தின்னுடின்னேன்.

மறுவாரம் போடியில இருந்து ஒரு பழைய ஃபேன் வந்துச்சு. கம்ப்யூட்டருக்குள்ள சூடு தணிக்கச் சுத்துமே, உள்ளங்கை அகலம், அது. நாணயம் கணக்கா ரெண்டு காந்தம். செத்துப்போன மோடத்தோட அடாப்டர். வேகத்தைக் கூட்டக் கொறைக்க ஒரு திருகு வச்ச போர்டு. எல்லாத்தையும் அடுப்படியில பரப்பி வச்சுக்கிட்டு உக்காந்துட்டா. அன்னிக்கு ரசம் தீஞ்சுபோச்சு சார். தீஞ்ச ரசத்தை ஊத்துறா, என்னடி இதுன்னா, 'ஒரே நிமிசங்க'ங்கறா. 

முதல்ல என் எவர்சில்வர் டிபன் பாக்ஸுக்குள்ள வச்சா. காந்தம் போயி மூடியோட பச்சக்குன்னு ஒட்டிக்கிச்சு, ஃபேன் சுத்தவே இல்ல. நான் கைதட்டினேன். அப்புறம் டிபன் பாக்ஸைக் கழுவி வச்சுட்டு, பிளாஸ்டிக் நெய் டப்பாவுக்குள்ள வச்சா. சுத்துச்சு.

அது பாக்குறதுக்கு நல்லாத்தான் இருந்துச்சு, இல்லைங்கல. டம்ளர்ல தண்ணி ஊத்தி ஒரு சிட்டிகை மஞ்சப்பொடி போட்டா. நான் லேபுல இருந்து கொண்டாந்த குச்சி உள்ள. மெதுவாத் திருகுனா. நடுவுல குழியா விழுந்து, மஞ்சப்பொடி அப்படியே சுழிச்சுக்கிட்டு கீழ போகுது. எம் பொண்ணு ஆறாப்புப் படிக்கிறா, அவ குதிக்கிறா. இவ தரையில உக்காந்துக்கிட்டு என்னைய நிமிந்து பாத்தா. கல்யாணம் ஆன புதுசுல பாத்த மாதிரி ஒரு பார்வை. எனக்கு அது புடிக்கல. ஏன்னு கேக்காதீங்க, புடிக்கல.

எனக்கும் சொல்லிக்குடுத்தா. ரெண்டு காந்தத்துல ஒண்ணு வடக்கு மேல பாத்து இருக்கணுமாம், இன்னொண்ணு தெற்கு மேல பாத்து இருக்கணுமாம். குச்சியோட ஒரே முனைய இங்க காட்டினா இழுக்கணும், அங்க காட்டினா தள்ளணும். அப்பத்தான் குச்சி ரெண்டுக்கும் நடுவுல படுத்துக்கிட்டுச் சுத்தும். ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா குச்சி ஒரு பக்கமா இழுபட்டு, சுத்த ஆரம்பிச்சதும் எகிறிப்போயிரும். சின்னப்புள்ளைக்குச் சொல்ற மாதிரி எங்கையப் புடிச்சு வச்சுக் காட்டினா. பதினெட்டு வருசம் லேபுல இருக்கறவனுக்கு!

அதைக் காலேஜுக்குக் கொண்டுபோனேன். மேடம் பாத்துட்டு, 'சென்றாயன், நீங்களா செஞ்சீங்க'ன்னாங்க. தலைய ஆட்டினேன். அதுல என்ன சார் தப்பு? வீடு யாருது? கரண்டு யாருது? குச்சி யாரு கொண்டாந்தது? எம் பொண்டாட்டி வச்ச குழம்பை, எங்க வீட்டுக் குழம்புன்னுதான சொல்றோம்.

ஒரு மாசம் நல்லாப் போச்சு. எல்லாரும் பேசுனாக. பிரின்ஸ்பால் தோளத் தட்டுனாரு. அப்பறம் ஆயுதபூசை வந்துச்சு.

எங்க காலேஜுல ஒரு பழக்கம். ஆயுதபூசைக்கு முந்தின நாளு லேப் சாமானுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வச்சு, பொரி கடலை வச்சுக் கும்புடுவோம். ஸ்டாஃப் எல்லாரும் குடும்பத்தைக் கூட்டிக்கிட்டு வரணும். பியூலா மேடம் வேதக்காரங்கதான், இருந்தாலும் அன்னிக்குப் பட்டுச்சேலையில வந்து முன்னாடி நிப்பாங்க. நானும் இவளக் கூட்டிட்டுப் போனேன். நெய் டப்பாவுக்கும் பொட்டு வச்சிருந்தாய்ங்க. மேடம் இவகிட்ட, 'உங்க வீட்டுக்காரர் கைவேலை பாத்தீங்களா'ன்னாங்க. இவ என்னைய பாத்தா. சிரிச்சா. 'ஆமாங்க மேடம்'னா. நல்ல பொண்டாட்டி இல்லையா? அத்தோட நின்னிருந்தா இன்னிக்கும் நல்ல பொண்டாட்டிதான்.

மேடம் அதை ஓட்டிக் காட்டச் சொன்னாங்க. நான் எப்பவும் போல திருகை ஒரே திருப்பா முழுசாக் கூட்டிட்டேன். குச்சி கிர்ருனு அடிச்சுக்கிட்டு ஓரத்துக்கு ஓடிருச்சு. அது அப்பப்ப அப்படிப் பண்ணும். எங்கிட்ட நிறைய தடவை பண்ணிருக்கு. ஃபேன் சரியில்ல மேடம்னு சொல்றதுக்குள்ள இவ கை நீண்டுருச்சு சார். யோசிக்கவே இல்ல. அடுப்புல பால் பொங்குனா கை தானாப் போகும் பாருங்க, அப்படி. திருகை முழுசாக் கொறைச்சா. பீக்கரை ஒரு வெரக்கடை நடுவுக்கு நகத்துனா. அப்பறம் மெதுவா, மெதுவா, மெதுவாக் கூட்டுனா. குழி விழுந்து அப்படியே நின்னுச்சு. சத்தமே இல்ல.

மேடம் இவளப் பாத்தாங்க. அப்பறம் என்னைப் பாத்தாங்க. 'நீங்க செஞ்சதா பாண்டீஸ்வரி'ன்னாங்க. இவ சேலைத் தலைப்ப இழுத்து மூடிக்கிட்டு, 'அவரு சொல்லித்தான் மேடம்'னா. அந்தம்மா என்ன சின்னப்புள்ளையா? அத்தனை பேரு குடும்பம் குடும்பமா நிக்கிறாக. பொரியத் தின்னுக்கிட்டு என்னையே பாக்குறாக.

அன்னிக்கு எனக்கு எப்படி இருந்திருக்கும்னு அவ ஒரு தடவ நெனச்சுப் பாத்திருப்பாளா?

துவைக்கிற சத்தம் நின்னுபோச்சே. அலசுறா போல. அலசட்டும்.

அதுக்கப்பறம்தான் அந்தப் பேச்சு வந்துச்சு. லேபுல டெக்னீசியன் வேலை ஒண்ணு காலியா இருக்கு, இந்தப் பொண்ணையே போடலாம், எட்டு ஸ்டிரர் செஞ்சு குடுக்கட்டும்னு மேடம் பிடிவாதம் புடிச்சாங்க. படிப்பு இல்லையேன்னு பிரின்ஸ்பால் இழுத்தாரு. காலேஜ் செயலர் வர்ற அன்னிக்கு அவ செஞ்சு காட்டட்டும், அவரு பாத்துச் சரின்னா சரின்னு முடிவாச்சு. வீட்டுல இவ ஆடுன ஆட்டம் இருக்கே! புதுசா ஒண்ணு செஞ்சா. நெய் டப்பா இல்ல, வெள்ளை அட்டைப் பலகையில பெட்டி கணக்கா, ஓரமெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேச்சு. வேலைக்குப் போறதுக்குன்னு ரெண்டு சேலைக்கு அயன் போட்டு வச்சிருந்தா. எம் பொண்ணு பள்ளிக்கூடத்துல போயி, 'எங்கம்மாவும் காலேஜுல வேலை பாக்கப் போறாங்க'ன்னு சொல்லிருக்கு. 'எங்கப்பா'ன்னு ஒரு நாளும் சொன்னதில்ல அந்தக் கழுத.

நெனச்சுப் பாருங்க சார். நான் அசிஸ்டென்ட். இவ டெக்னீசியன். எனக்கு மேல. ரெஜிஸ்டர்ல அவ கையெழுத்துக்குக் கீழ நான் கையெழுத்துப் போடணும். மத்தியானம் ஒரே டிபன் கேரியரத் தொறந்து உக்காந்தா அட்டெண்டர்க என்ன பேசுவாய்ங்க? முருங்கைய ஒடிச்சு வளக்கணும்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?

செயலர் வர்றதுக்கு முந்தின நாளே பெட்டிய லேபுல கொண்டாந்து வச்சுட்டா. மறுநாள் பஸ்ஸுல கொண்டாந்தா குலுங்குமாம். லேப் சாவி யாருகிட்ட? எங்கிட்ட.

காலையில எட்டு மணிக்குத் தொறந்தேன். யாரும் வரல. பெட்டிய எடுத்துப் பாத்தேன். நல்லாத்தான் செஞ்சிருந்தா. நாலு ஸ்குரு. கழட்டுனேன். பிளேடு வச்சு ஒரு காந்தத்த மட்டும் நெம்பி எடுத்தேன். தலைகீழாத் திருப்பி அதே எடத்துல ஒட்டுனேன். ரெண்டு சொட்டுப் பசை. மறுபடி நாலு ஸ்குரு. அம்புட்டுத்தான். 

நான் ஒண்ணும் ஒடைக்கல சார். அதை நீங்க கவனிக்கணும். ஒயரை அத்துவிடல, ஃபேனைப் பேக்கல. அப்படிச் செய்யறவன் நான் இல்ல. ஒரு பரீட்சை வச்சேன், அவ்வளவுதான். லேபுன்னா தினம் ஒண்ணு கெட்டுப்போகும். கெட்டத அந்த எடத்துலயே கண்டுபுடிக்கிறவதான் டெக்னீசியன். பரீட்சை வைக்காம வேலை குடுப்பாங்களா? நீங்க குடுப்பீங்களா?

பத்தரைக்கு செயலர் வந்தாரு, பிரின்ஸ்பாலு, மேடம், இன்னும் நாலஞ்சு வாத்தியாருங்க. இவ அயன் போட்ட சேலை கட்டி, மல்லிகைப்பூ வச்சு நிக்கிறா. பீக்கரை வச்சா, குச்சியப் போட்டா, மெதுவாத் திருகுனா. டக்குனு ஒரு ஒதறு ஒதறி குச்சி ஓரத்துல போயி விழுந்துச்சு. மறுபடி கொறைச்சு, மறுபடி கூட்டுனா. மறுபடி டக்கு. செயலர் கடியாரத்தப் பாத்தாரு. இவளுக்கு நெத்தியெல்லாம் வேர்த்துப் போச்சு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னுதான சொல்லுவா? தண்ணி சரியில்ல, பீக்கர் சரியில்லன்னு சொல்லுவான்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.

சொல்லல. சுச்ச அணைச்சா. குச்சிய வெளிய எடுத்து, முந்தானையில தொடச்சு, அதோட ஒரு முனையப் பெட்டி மேல இந்தப் பக்கம் காட்டுனா. இழுத்துச்சு. அதே முனைய அந்தப் பக்கம் காட்டுனா. அங்கயும் இழுத்துச்சு. பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. கண்டுபுடிச்சுட்டா. 

நிமிந்து என்னைய பாத்தா. 

'என்னம்மா ஆச்சு, நேத்து நல்லா ஓடுச்சே'ன்னு மேடம் கேக்குறாங்க. நேத்து சாயங்காலம் மேடத்துக்கு ஓட்டிக் காட்டிட்டுத்தான் வச்சுட்டு வந்திருக்கா, அது எனக்குத் தெரியாது. நேத்து ஓடுனது இன்னிக்கு ஓடலைன்னா, நடுவுல சாவி யாருகிட்ட இருந்துச்சுன்னு கேப்பாங்கல்ல? என் பதினெட்டு வருசம் சார்! இவ வாயத் தொறந்தா போச்சு.

தொறந்தா. 'நான்தான் மேடம், ராத்திரியெல்லாம் யோசிச்சு, காலையில வந்து காந்தத்தை மாத்தி ஒட்டிட்டேன். என் தப்புதான்'னா. காலையில எட்டு மணிக்கு இவ வரவே இல்ல. இருந்தாலும் என்கூடத்தான் வந்தான்னு நானும் தலைய ஆட்டுனேன்.

செயலர் சிரிச்சுட்டாரு. 'குழம்பு கிண்டுற கரண்டியும் இதுவும் ஒண்ணு இல்லம்மா'ன்னாரு. எல்லாரும் சிரிச்சாக. நானும் சிரிச்சேன். செயலர் சிரிக்கிறப்ப நான் உம்முனு நின்னா நல்லாவா இருக்கும்? மேடம் மட்டும் சிரிக்கல. என் கையவே பாத்துக்கிட்டு இருந்தாங்க. பசை ஒட்டுனா ரெண்டு மூணு நாளைக்கு வெரல்ல வெள்ளையா இருக்கும் சார், கழுவுனாப் போகாது.

ஆக, பரீட்சையில அவ ஃபெயிலு. கண்டுபுடிச்சா, சரி. ஆனா நிமிசத்துல சரி பண்ணி ஓட்டிக் காட்டல பாத்தீங்களா? ஒரு ஸ்குரு டிரைவர் கேட்டிருந்தா நானே எடுத்துக் குடுத்திருப்பேன். கேக்கல. அந்தத் தைரியம் கெடையாது. அதோட தப்பு தன் மேலதான்னு அத்தனை பேருக்கு முன்னாடி அவளே ஒத்துக்கிட்டா. அப்பறம் நான் என்ன சார் செய்ய முடியும்?

வீட்டுக்கு வர்ற வழியில பருத்திப்பால் வாங்கிக் குடுத்தேன். குடிக்கல. சண்டை போடுவான்னு நெனச்சேன். அழுவான்னு நெனச்சேன். ஒண்ணும் இல்ல. சேலைய மாத்திட்டு சோறு வடிச்சா. மறுநாள் ஸ்குரு டிரைவர், ஈயப்பத்து வைக்கிற கம்பி, ஒயரு, எல்லாத்தையும் ஒரு பையில போட்டுப் பழைய இரும்புக்காரன்கிட்டப் போட்டு பேரீச்சம்பழம் வாங்கிட்டா. அதுக்கப்பறம் வீட்டுல ஒரு சாமானத் தொட மாட்டேங்கறா. மிக்சி ஓடல, மூணு மாசமா அம்மியில அரைக்கிறா. உடம்புக்கு நல்லதுதான். டிவி போச்சு. என் செல்லு போச்சு. முன்னாடியெல்லாம் கையில குடுத்தா கால் மணி நேரத்துல சரி பண்ணிருவா. இப்ப கேட்டா, 'கடையில குடுங்க'. அம்புட்டுத்தான் பேச்சு. ஒரு நாளைக்கு நாலு வார்த்தை, அஞ்சு வார்த்தை. திமிரு இல்லாம இது வேற என்ன?

எம் பொண்ணு இருக்கே, அதுவும் அம்மா மாதிரியே ஆயிருச்சு. நான் உள்ள வந்தா எந்திரிச்சுப் போயிரும்.

சரி விடுங்க. உங்க விசயத்துக்கு வருவோம். உங்களுக்கு ஸ்டிரர் செய்யத்தான ஆளு வேணும்? இவ்வளவு நேரம் சொன்னேனே, உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். இந்த வேலையோட சூட்சுமம் பூரா எனக்கு அத்துபடி. எங்க மேடமும் என்னைய எட்டு செஞ்சு குடுக்கச் சொன்னாங்க, முன்னாடி எங்கிட்டப் பேசிக்கிட்டு இருந்தப்ப. ரெண்டு செஞ்சேன். ஃபேன் சரியில்ல, அதனால ஓடல. புள்ளைக இன்னும் குச்சியிலதான் கலக்குதுக. நல்ல ஃபேன் நீங்க வாங்கிக் குடுத்தா ஓடும். அந்தக் காலேஜும் எனக்குச் சலிச்சுப்போச்சு சார், பேசாத பொம்பள கூட எத்தனை நாளு வேலை பாக்குறது? வீட்டுலயும் அது, அங்கயும் அது.

என்ன சார், அவளையும் ஒரு வார்த்தை கேக்கணுமா? கேளுங்களேன். எனக்கென்ன பயம்? ஏய் பாண்டி! இங்க வா!

பாருங்க, கூப்பிட்டதும் வந்துட்டா. கதவுக்குப் பின்னாடிதான் நின்னா போல. கைய தொடச்சுட்டு வாடி, சொட்டுது. இவரு வாழைக்கன்னுக் கம்பெனி. நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன், ஒண்ணும் மறைக்கல. கேளுங்க சார், நான் குறுக்க பேசல.

பதில் சொல்லு. ஸ்டிரர் செஞ்சு குடுக்க வருவியா, உன் பேருக்கே வேலை போட்டுத் தர்றேங்கறாரு. அவரைப் பாத்துச் சொல்லு, என்னையவே என்னத்துக்குப் பாக்குற?

சத்தமாச் சொல்லு, சாருக்குக் கேக்கல. 'எனக்கு அதெல்லாம் மறந்துபோச்சு சார்'ங்கறா. கேட்டீங்களா? மறந்துபோச்சாம்! நான் மறக்கச் சொன்னேனா? ஒரு நாளாவது சொல்லிருப்பேனா? அப்பறம் என்னமோ முணுமுணுக்குறா. முழுசாச் சொல்லு.

'அவரைக் கேளுங்க சார். காந்தத்தை எப்படி ஒட்டுனா சுத்தும், எப்படி ஒட்டுனா சுத்தாதுன்னு அவருக்குத்தான் நல்லாத் தெரியும்.'

கேட்டீங்களா சார்! அவ வாயாலயே சொல்லிட்டா! பன்னெண்டு வருசத்துல வெளியாளுக்கு முன்னாடி என்னைய இப்படி ஒசத்திப் பேசுனது இதுதான் சார் முதத் தடவை. சத்தியமாக் கண்ணு கலங்குது. போ, போயி சாருக்கு காபி போடு. போறா பாருங்க. திரும்பிப் பாக்காமப் போறா, கூச்சம்.

ஏன் சார் எந்திரிச்சுட்டீங்க? காபி வருது, உக்காருங்க. செருப்பு அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம் கெடக்கு. என்னைக்கு வந்து சேரணும்னு நீங்க சொல்லவே இல்லையே? திங்கக்கெழமை நல்ல நாளு. திங்கக்கெழமையே வந்துரட்டுமா?